கிள்ளான் கற்றுத் தந்த பாடமும் டிங்கிக் காய்ச்சலும்



சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பள்ளியில் டிங்கிக் காய்ச்சல் குறித்துச் சுவரொட்டிப் போட்டி நடத்தினோம். ஏறக்குறைய எல்லா மாணவர்களும் ஒரே காட்சியைத்தான் வரைந்திருந்தனர்: கறுத்த நீர் தேங்கிய சாக்கடை, அருகில் குப்பைமேடு, மேலே கொசுக்கூட்டம். பரிசு பெற்ற படமும் அதுவே, தேர்ந்தெடுத்தவன் நான். அடுத்த மாதமே என் வகுப்பு மாணவி ஒருத்தி டிங்கியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். சோதனைக்கு வந்த சுகாதாரப் பணியாளர்கள் கால்வாயைப் பார்த்துவிட்டு என் வகுப்பறைக்குள் நுழைந்தனர். அறிவியல் மூலையில், கண்ணாடிப் புட்டியில் நான் வளர்த்த மணிபிளாண்ட் கொடியின் தெளிந்த நீரில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

மாணவி நலமாகத் திரும்பினாள். ஆயினும், கொசு என்றதும் நாம் ஏன் சாக்கடையையே நினைக்கின்றோம் என்னும் கேள்வி என்னை விடவில்லை. அதற்கான விடை நம் நாட்டு வரலாற்றில் இருப்பதாக எண்ணுகின்றேன்.

மலேரியாவைக் கொசுவே பரப்புகின்றது என்பதற்கான முதற்சான்றை ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டார். அடுத்த நான்கு ஆண்டுகளில் அந்த அறிவு சிலாங்கூருக்கு வந்தது. 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், நகரே காய்ச்சலில் கிடப்பதைக் கண்டார். அதே ஆண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹம் துறைமுகத்தின் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) தொழிலாளர்களும் அடுத்தடுத்துச் சாய்ந்தனர். சதுப்புநீரை வடித்து, காட்டை அழித்து, கால்வாய் வெட்ட வேண்டும் என்றார் வாட்சன். அவ்வாறே செய்யப்பட்டது. அவ்விரு ஊர்களிலும் 1901இல் 368ஆக இருந்த காய்ச்சல் மரணங்கள் 1902இல் 59ஆகக் குறைந்தன.

இவ்வெற்றி எல்லா இடங்களிலும் பலிக்கவில்லை. மலைச்சரிவு இரப்பர்த் தோட்டங்களில் காட்டை அழித்தபோது மலேரியா பெருகியது. அங்குப் பரவியது வேறு வகைக் கொசு. வெயில் படும் ஓடைநீரே அதற்கு உகந்தது. எந்தக் கொசு, எந்த நீர் என்று அறியாமல் செய்த வேலைக்கு விலை கொடுத்தவர்களுள் நம் முன்னோரான தமிழ்த் தொழிலாளர்கள் பலர். பின்னர் ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் விட்டும் நீரில் எண்ணெய் தெளித்தும் அதைக் கட்டுப்படுத்தினர். கால்வாயும் எண்ணெயும் நம் நினைவில் நிலைத்தன. ‘எந்தக் கொசு’ என்ற கேள்வியை மட்டும் மறந்துவிட்டோம்.

டிங்கியும் இங்குப் புதிதன்று. 1902இலேயே பினாங்கில் அது பரவியதை ஸ்கே என்னும் மருத்துவர் பதிவு செய்தார். அப்போது அதை உயிர்க்கொல்லியாக எவரும் கருதவில்லை. 1962இல் அதே பினாங்கில் இரத்தக்கசிவுடன் கூடிய கடுமையான டிங்கி கண்டறியப்பட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் நோய் நாடெங்கும் பரவ, 1975இல் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் விதிக்க வழி செய்ததும் அச்சட்டமே. பலருக்கு அது வீண் கெடுபிடியாகத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அந்தப் புட்டியைக் காணும்வரை.

ஏனெனில் ஏடிஸ் எஜிப்தி வீட்டுக்கொசு. ஆப்பிரிக்காவில் தோன்றி, கப்பல்களின் நீர்ப் பீப்பாய்களோடு உலகத் துறைமுகங்களுக்குப் பரவியது. பீப்பாய், தாழி, குளியல் தொட்டி, பூச்சாடி போன்றவற்றில் தேங்கும் நீரே அதற்குப் போதும். முட்டைகளை நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் இடுகின்றது. அவை காய்ந்தும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். வாரம் ஒருமுறை என்று சொல்வதற்குக் காரணம் இதுவே. புகையடிப்பு பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், புழுவையன்று. இக்கொசு கடிப்பது பெரும்பாலும் காலையிலும் மாலையிலும். நம் பிள்ளைகள் சபைகூடலில் நிற்கும் வேளையும் திடலில் ஓடியாடும் வேளையும் அவையே.

பெற்றோர்களுக்கு ஒன்று. காய்ச்சல் தணிந்தவுடன் பிள்ளை தேறிவிட்டது என்று எண்ணாதீர்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவை பெரும்பாலும் அந்நேரத்தில்தான் தலைகாட்டும். உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூபன் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. 2019இல் மட்டும் நம் நாட்டில் 1,30,000க்கும் மேற்பட்டோர் டிங்கியால் பாதிக்கப்பட்டனர். 182 பேர் இறந்தனர்.

இப்போது நான் சுவரொட்டி வரையச் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, கைவிளக்குடன் வீட்டில் தேங்கிய நீரைத் தேடிக் குறித்து வரச் சொல்கின்றேன். சென்ற முறை ஒரு மாணவன், பாட்டி வீட்டு உணவு அலமாரியின் கால்களுக்கு அடியில் எறும்பு ஏறாதிருக்க வைத்த நான்கு கிண்ணங்களை வரைந்து வந்தான். மூன்றில் புழு இருந்ததாம். கிண்ணங்களைத் தேய்த்துக் கழுவி, இனி ஊற்றும் நீரில் உப்பைக் கரைக்குமாறு பாட்டியிடம் சொல்லச் சொன்னேன்.