எந்த வேகத்துல குடுக்குது?

நம்ம ஊரில் ஒருவர் புதுக் கார் வாங்கினால், நிறம் நல்லா இருக்கு என்று யாராவது சொல்வதற்கு முன்பே அந்தக் கேள்வி வந்துவிடும்: "எவ்வளவு குடுக்குது?" கறவை மாட்டைப் பற்றிக் கேட்கிற அதே வினைச்சொல். மாடு காலையில் இத்தனை லிட்டர், சாயங்காலம் இத்தனை லிட்டர் என்று கொடுப்பதுபோல, காரும் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு எண்ணைத் தன் மடியிலேயே வைத்திருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். வண்டிக்காரரும் சளைக்காமல் "ஹைவேல இருபத்திரண்டு" என்பார். "எந்த வேகத்துல?" என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைச் சட்டம் போட்டே கேட்டுப் பார்த்த நாடு ஒன்று உண்டு. 1974இல் அமெரிக்கா கேட்டது. அடுத்த 21 வருடங்களில் மெல்ல மெல்லக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. சின்னக் கார்களின் மைலேஜ் வரலாற்றைப் பெரும்பாலும் எஞ்சின்களின் வரலாறாகத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது வேகத்தைப் பற்றி ஒரு சமூகம் தனக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வரலாறாகத் தெரிகிறது.

முதலில் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பிளஸ் டூ இயற்பியல்தான். சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் போகும் காரை இரண்டு விஷயங்கள் பின்னால் இழுக்கின்றன. ஒன்று டயரின் உருளல் தடை. இது காரின் எடையைப் பொறுத்தது, வேகம் கூடினாலும் பெரிதாக மாறாது. இன்னொன்று காற்று. இதற்கு எடையைப் பற்றிக் கவலையே இல்லை. காரின் முன்பரப்பையும் வடிவத்தையும் வேகத்தையும்தான் பார்க்கும், அதிலும் வேகத்தின் வர்க்கத்தை.

ஓட்டுநரோடு சேர்த்து 850 கிலோ எடையுள்ள ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்துச் சின்னக் கார்களுக்குப் பொருந்தக்கூடிய முன்பரப்பையும் வடிவத்தையும் வைத்து நாலு வரி நிரல் எழுதிப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் டயரும் காற்றும் கிட்டத்தட்ட சரிசமமாக இழுக்கின்றன. அந்த வேகத்தைத் தக்கவைக்கச் சக்கரத்தில் நாலரைக் குதிரைத்திறன்கூட வேண்டாம். 90க்குப் போனால் சுமார் 11 வேண்டும். 120க்கு 22. வேகம் இரட்டிப்பானால் தேவை ஐந்து மடங்கு. 120இல் வண்டியை இழுக்கும் விசையில் ஐந்தில் நாலு பங்கு காற்றினுடையது.

மைலேஜ் இதே விகிதத்தில் விழுவதில்லை, அதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் எஞ்சினை மிகக் குறைந்த சுமையில் ஓட்டினால் திறன் குறைவு. த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், அந்தச் சந்து வழியாகக் காற்றை உறிஞ்சவே எஞ்சின் கொஞ்சம் உழைப்பைச் செலவழிக்கும். சுமை கூடக்கூட இந்த விரயம் குறையும். சின்ன எஞ்சினின் நெடுஞ்சாலை ரகசியம் இதுதான். பெரிய வி8 எஞ்சின், தன் பலத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டுக்கொண்டு தூங்கிவழியும் வேகத்தில், மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்.

இனி 1973க்குப் போகலாம். அக்டோபரில் அரபு–இஸ்ரேல் போர். இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்த அமெரிக்காவுக்கு அரபு நாடுகள் எண்ணெய் தருவதை நிறுத்தின. பீப்பாய் மூன்று டாலர் அளவில் இருந்த விலை, அடுத்த ஜனவரிக்குள் பன்னிரண்டை நெருங்கியது. பெட்ரோல் பங்குகளில் வரிசை. சில மாநிலங்களில் நம்பர் பிளேட் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் பெட்ரோல். அப்போது அங்கே புதுக் கார்களின் சராசரியே கேலனுக்கு 13, 14 மைல்தான். நம் கணக்கில் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர்கூட இல்லை.

1974 ஜனவரி 2 அன்று ஜனாதிபதி நிக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நாடு முழுக்க உச்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 89 கிலோமீட்டர். ஒத்துக்கொள்ளாத மாநிலத்துக்கு மத்திய அரசின் நெடுஞ்சாலை நிதி கிடையாது. தற்காலிகம் என்று வந்த சட்டம் ஒரே வருடத்தில் நிரந்தரமானது.

மேற்கு மாநிலங்களுக்கு இது பிடிக்கவே இல்லை. அடுத்த ஊருக்கே நூறு மைல் போக வேண்டிய மொன்டானாவில், ஆளில்லாத நேர்ச்சாலையில் 89இல் ஊர்வது என்பது தண்டனை. எனவே அந்த மாநிலம் சட்டத்தை வார்த்தைக்கு வார்த்தை மதித்தது. பகலில் வேக வரம்பை மீறினால் ஐந்து டாலர் அபராதம், அதுவும் எரிபொருளை வீணாக்கிய குற்றத்துக்கு. ஐந்து டாலரைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். கேலி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் வேகமாகப் போவது என்பது எல்லோருக்கும் பொதுவான ஒன்றை எரிப்பது என்று, ஒரு அபராதச் சீட்டு இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த வருடம் டிசம்பரில் இன்னொரு சட்டம் வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1985க்குள் கேலனுக்கு 27.5 மைலைத் தொட வேண்டும். லிட்டருக்கு 11.7 கிலோமீட்டர், ஏறக்குறைய இரண்டு மடங்கு. சரி, அதை எப்படி அளப்பது? சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நெடுஞ்சாலைக்கென்று ஒரு சோதனையை அப்போதுதான் உருவாக்கியிருந்தது. காரை உருளைகள் மேல் ஏற்றி, 765 விநாடிகள், பத்து மைலுக்குச் சற்று அதிகமான தூரம் ஓட்டுவார்கள். சராசரி வேகம் மணிக்கு 78 கிலோமீட்டர். உச்சம் 96. எல்லோரும் 89க்குள் போக வேண்டும் என்று சட்டம் இருந்த நாட்டில் அது நியாயமான சோதனைதான். புதுக் காரின் கண்ணாடியில் ஒட்டப்பட்ட "நெடுஞ்சாலை மைலேஜ்" என்ற எண், அந்த ஒப்பந்த வேகத்தின் எண்.

அந்த எண்ணுக்காகவே பிறந்த கார்கள் உண்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஜியோ மெட்ரோ எக்ஸ்எஃப்ஐ. பெயர் ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ, உடம்பு சுசுகியின் கல்டஸ். நம்ம சாலைகளில் 1990இல் வந்த மாருதி 1000 ஞாபகம் இருக்கிறதா? அதுவும் இரண்டாம் தலைமுறைக் கல்டஸின் செடான் வடிவம்தான். அந்த வகையில் மெட்ரோ அதற்கு அக்கா தங்கை முறை. மெட்ரோவில் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின். சாதாரண மாடலில் 55 குதிரைத்திறன். எக்ஸ்எஃப்ஐயில் கேம்ஷாஃப்டை மாற்றி, கியர் விகிதத்தை உயர்த்தி, எஞ்சின் குறைவாகச் சுழலும்படி செய்து, 49 ஆக்கினார்கள். பலத்தைக் குறைத்ததை விற்பனைக் காரணமாக்கிய கார். ஸ்டிக்கரில் நெடுஞ்சாலைக்கு 58 மைல், லிட்டருக்கு 24.7 கிலோமீட்டர்.

ஆனால் சின்னக் காருக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. பெரிய காரோடு ஒப்பிட்டால் எடையைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம், முன்பரப்பை அப்படிச் சுருக்க முடியாது. சின்னக் காரிலும் இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார வேண்டும், தலை கூரையில் இடிக்கக் கூடாது. எவ்வளவு முயன்றாலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதோடு, காற்று பிசிறில்லாமல் பின்னால் ஒன்றுசேர நீளமான வால் வேண்டும். குட்டைக் காருக்கு வாலுக்கு எங்கே போவது? ஊருக்குள் நின்று நின்று கிளம்பும்போது ராஜாவாக இருக்கும் சின்னக் கார், நெடுஞ்சாலையில் வேகம் ஏற ஏறத் தன் அனுகூலத்தைக் காற்றிடம் இழந்துகொண்டே போகும். 89இல் அது அமோகமான வண்டி. 120இல் அந்த அனுகூலத்தில் பெரும்பங்கு போய்விடும். வேக வரம்பால் மிக அதிகமாக லாபம் அடைந்தது சின்னக் கார்தான் என்று சொல்லலாம்.

ஒப்பந்தம் கலைந்த கதையை நாலு தேதிகளில் சொல்லிவிடலாம். 1985 மாடல்களிலிருந்து ஸ்டிக்கர் எண்ணில் 22 சதவீதத்தைக் கழித்துப் போடச் சொன்னது முகமை. சோதனை எண் சாலையில் கிடைப்பதில்லை என்று மக்கள் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1987இல் கிராமப்புற நெடுஞ்சாலைகளில் வரம்பு 105 கிலோமீட்டர் ஆனது. 1995 நவம்பரில் கிளின்டன் கையெழுத்தோடு தேசிய வரம்பே போயிற்று. மொன்டானா மறுபடி பகல்நேர எண் வரம்பே இல்லாத மாநிலமாக மாறி, 1999 வரை அப்படியே இருந்தது.

சட்டத்தால் என்ன கிடைத்தது? எதிர்த்தவர்கள் சொன்னதில் பாதி உண்மை. மிச்சமான எரிபொருள் சில சதவீதத்தைத் தாண்டவில்லை, ஏனென்றால் பாதிப் பேர் மதிக்கவே இல்லை. சொல்லப்படாத மறுபாதி உயிர்க்கணக்கு. 1973இல் அமெரிக்கச் சாலைகளில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1974இல் அது சுமார் 45 ஆயிரம். பெட்ரோல் கிடைக்காமல் பயணமே குறைந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் பத்து வருடம் கழித்து, பெட்ரோல் தாராளமாகக் கிடைத்த காலத்தில், தேசிய ஆராய்ச்சிக் குழு ஆராய்ந்து பார்த்தபோதும் வருடத்துக்கு இரண்டாயிரம் முதல் நாலாயிரம் உயிர்களை அந்த வரம்பு காப்பாற்றுகிறது என்றுதான் முடிவு வந்தது. எண்ணெய்க்காகப் போட்ட சட்டம், எண்ணெயைவிட மனிதர்களை அதிகம் மிச்சம் பிடித்தது.

இதற்கிடையே பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. எரிபொருள் இன்ஜெக்‌ஷன், ஒரு சிலிண்டருக்கு நாலு வால்வு, கம்ப்யூட்டர் கட்டுப்பாடு என்று எஞ்சின் வருடாவருடம் கெட்டிக்காரத்தனம் அடைந்தது. அந்த லாபம் எங்கே போனது? 1987இல் அமெரிக்காவில் விற்ற புது வாகனங்களின் சராசரி பலம் சுமார் 120 குதிரைத்திறன். 2004இல் 200ஐத் தாண்டிவிட்டது. அதே காலத்தில் சராசரி மைலேஜ் கூடவில்லை, கொஞ்சம் குறையவே செய்தது. லாரி வகை என்று தளர்வான விதியில் தப்பித்த எஸ்யூவிகள் வீட்டு வாசல்களை நிறைத்தன. மென்பொருள்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. வன்பொருள் இரண்டு மடங்கு வேகமானால், நிரல் இரண்டு மடங்கு கனமாகும்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் 1999 கடைசியில் ஹோண்டா இன்சைட் வந்தது. இரண்டே இருக்கை, அலுமினிய உடம்பு, ஒரு லிட்டர் எஞ்சினோடு ஒரு குட்டி மின்மோட்டார், பின்சக்கரங்களை மூடிய பாவாடை. வால் பிரச்சினைக்கு, 1930களில் ஜெர்மனியில் வூனிபால்ட் காம் கண்ட விடையையே பயன்படுத்தினார்கள். வாலை மெல்லச் சரியவிட்டு, முடியும் முன் செங்குத்தாக வெட்டிவிடு, காற்று பெரும்பாலும் ஏமாந்துவிடும். காற்றுத்தடைக் குணகம் 0.25. ஸ்டிக்கரில் நெடுஞ்சாலைக்கு 70 மைல், லிட்டருக்குக் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். காற்றின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்ன சின்னக் கார் அது. 2006 வரை உலகம் முழுக்க விற்றது சுமார் 17 ஆயிரம்.

2008இல் கணக்கு திரும்பி வந்தது. அந்த மாடல் வருடத்திலிருந்து முகமை பழைய சோதனையோடு 129 கிலோமீட்டர் வரை போகும் வேகச் சோதனையையும், ஏசி போட்ட சோதனையையும், கடுங்குளிர்ச் சோதனையையும் சேர்த்தது. பழைய கார்களின் எண்களையும் புது முறைப்படி திருத்தியது. மெட்ரோ எக்ஸ்எஃப்ஐயின் 58 மைல் 51 ஆனது. இன்சைட்டின் 70, 61 ஆனது. அந்தக் கார்களில் ஒரு போல்ட்கூட மாறவில்லை, மாறியது சுற்றியிருந்தவர்களின் வேகம். விசித்திரம் என்னவென்றால், நிறுவனங்களின் சராசரியைக் கணக்கிடும் சட்டம் மட்டும் பழைய சோதனையையே வைத்துக்கொண்டது. ஒரே காருக்கு, அரசிடம் சொல்ல ஒரு மைலேஜ், வாங்குகிறவரிடம் சொல்ல ஒரு மைலேஜ்.

அதே கோடையில் பெட்ரோல் கேலன் நாலு டாலரைத் தாண்டியது. யாரும் சீந்தாமல் கிடந்த பழைய மெட்ரோக்களுக்குத் திடீர்க் கிராக்கி. மெதுவாக, முன்யோசனையோடு ஓட்டி மைலேஜை உச்சத்துக்குக் கொண்டுபோகும் "ஹைப்பர்மைலிங்" அமெரிக்க ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் அந்த வருடச் சொல்லானது. 1974இல் எல்லோருக்குமான சட்டமாக இருந்த ஒன்று, 2008இல் சில பேரின் பொழுதுபோக்காகியிருந்தது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியக் கார்களின் விளம்பர மைலேஜுக்குப் பல வருடங்களாக அடிப்படையாக இருந்துவரும் சோதனையின் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். நம் நாலுவழிச் சாலைகளில் 90இல் போகிறவரை, பின்னால் வருகிறவர் விளக்கடித்தே ஒதுக்கிவிடுவார். பிறகு சர்வீஸ் சென்டரில் போய், "கம்பெனி சொன்னது வரலை" என்போம்.

ஒரு நானூறு கிலோமீட்டர் பயணம். 90இல் போனால் நாலு மணி 27 நிமிஷம். 110இல் போனால் 48 நிமிஷம் முன்னதாகப் போய்ச் சேரலாம். என்னுடைய கற்பனைச் சின்னக் காரில் அந்த 48 நிமிஷத்துக்காகச் சக்கரம் செய்யும் வேலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. 48 நிமிஷம் பெரிதுதான், அவசரமாக மருத்துவமனைக்குப் போகிறவருக்கு அது எல்லாமேதான். ஆனால் தினமும், எல்லோரும், எதற்கென்று கேட்காமல் வாங்கிக்கொண்டிருக்கிற 48 நிமிஷம் அது. அதற்கு என்ன விலை என்று ஒரு தேசம் 21 வருடங்கள் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மொன்டானா ஐந்து டாலர் என்று சொன்னது. நாம் இன்னும் விலை கேட்கவே ஆரம்பிக்கவில்லை.