ஒரு வேலிக்கு எவ்வளவு, ஒரு காத்திக்கு எவ்வளவு?



"3 கிலோ மீனின் விலை 20 ரிங்கிட். அப்படியானால் 7½ கிலோ மீனின் விலை என்ன?" இந்த மாதிரிப் பிரச்சனைக் கணக்கை வெண்பலகையில் எழுதினதும் வகுப்பில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சிலர் 20ஐ 3ஆல் வகுக்கத் தொடங்குவார்கள். 6.666 என்று அது போய்க்கொண்டே இருக்கும், பென்சில் அங்கேயே நின்றுவிடும். சிலர் 3ஐ 20ஆல் வகுத்துவிட்டு "ஐயா, இது சரியா?" என்று நம் முகத்தைப் பார்ப்பார்கள். பூஜ்ஜியத்துக்குப் பிறகு வந்த அந்த எண் ரிங்கிட்டா, கிலோவா என்பது அவர்களுக்கே தெரியாது.

இந்தக் கணக்கு பாடநூலுக்காக யாரோ உட்கார்ந்து உண்டாக்கியது இல்லைங்க. நம்ம கெடாவோடு தொடர்புள்ள ஒரு செப்பேட்டிலேயே ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இது இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் கடாரம் என்று படிக்கிறோமே, அது இந்தக் கெடாதான். சுங்கைப்பட்டாணிக்கும் பீடோங்குக்கும் இடையில் இருக்கிற சுங்கை லாலாங்கிலிருந்து பூஜாங் பள்ளத்தாக்கு அதிகத் தூரமில்லை. பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த இடம்தான்.

கடாரத்து அரசன் ஸ்ரீ மாற விஜயோத்துங்க வர்மன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டுவித்தான். அதன் செலவுக்காக முதலாம் ராஜராஜ சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டை ஒட்டி, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். அதைச் செப்பேட்டில் வெட்டச் செய்தவன் அவன் மகன் ராஜேந்திரன். (அதே ராஜேந்திரன் 1025ஆம் ஆண்டுவாக்கில் இதே கடாரத்தின் மேல் படை அனுப்பினான் என்பது வேறு கதை.) 21 ஏடுகள் கொண்ட இந்தச் செப்பேடு ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றது.

வரலாற்று ஆசிரியர்கள் விகாரத்தைப் பற்றிப் பேசுவார்கள். கணித ஆசிரியர்கள் அதில் உள்ள எண்களைப் பார்க்க வேண்டும். நிலம் 97 வேலி. அதற்கு மேல் மா, காணி, முந்திரிகை, முந்திரிகைக்கும் கீழே போகும் துண்டுகள். அதிலிருந்து வர வேண்டிய நெல் 8943 கலம், 2 தூணி, 1 குறுணி, 3 நாழி.

அளவைகளைச் சொல்லிவிடுகிறேன். 8 நாழி ஒரு குறுணி. 4 குறுணி ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். ஆக ஒரு கலத்துக்கு 96 நாழி. மேலே உள்ள 2 தூணி 1 குறுணி 3 நாழியை நாழியாக்கினால் 75 வரும். 75/96ஐச் சுருக்கினால் 25/32 கலம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பின்னப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

இப்போது ஒரு வேலிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். துண்டுகளை விட்டுவிட்டு 8943ஐ 97ஆல் வகுத்தால் 92 கலத்துக்குச் சற்று மேல் வருகிறது. 20 மா ஒரு வேலி. ஆகவே ஒரு மாவுக்கு 92/20, அதாவது 4.6 கலம், நாலரைக் கலத்துக்குக் கொஞ்சம் கூட.

சரி, முந்திரிகைக்கும் கீழே எதற்காகப் போனார்கள்? தமிழ்ப் பின்னங்களில் மா என்பது 1/20, காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320. அதற்கும் கீழே 'கீழ்' என்று சொல்லி மறுபடியும் 320ஆல் வகுத்தார்கள். கீழ் முந்திரி என்றால் 1/1,02,400. பிற்காலத் தஞ்சை வழக்கில் ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். அந்த அளவில் பார்த்தால் கீழ் முந்திரி மூன்று சதுர அடிகூட வராது, ஒரு பாய் விரிக்கக் காணாது! ஆனால் வேலிக்கு 92 கலம் என்று வைத்துப் பாருங்கள். ஒரு முந்திரி நிலத்துக்கே 92 × 96 ÷ 320, அதாவது 27½ நாழிக்கு மேல் நெல் அளக்க வேண்டும். அளவில் ஒரு முந்திரி பிசகினால் ஒரு குடும்பத்தின் களஞ்சியத்திலோ விகாரத்தின் களஞ்சியத்திலோ மூன்று குறுணிக்கு மேல் குறையும். பின்னம் அவ்வளவு நுணுக்கமானதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இந்தப் பின்னங்களைத்தான் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடி வைத்து மனப்பாடம் செய்தார்கள். காரி நாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் நிலம், நெல், பொன் கணக்குகளுக்கு அவற்றைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தன.

வழிமுறைக்கு வருவோம். நாம் வகுப்பில் சொல்லித்தருவது முதலில் ஒன்றின் விலையைக் கண்டுபிடித்து, பிறகு பெருக்கும் முறை. இந்தியக் கணித நூல்களில் வேறொரு வரிசை உண்டு. 499இல் ஆரியபட்டர் எழுதிய நூலிலேயே அது இருக்கிறது. திரைராசிகம், அதாவது மூன்று எண்களை வைத்து நாலாவதைக் கண்டுபிடிப்பது. தெரிந்த அளவு, அதன் விலை, நாம் கேட்கும் அளவு ஆகிய மூன்றில், விலையையும் கேட்கும் அளவையும் முதலில் பெருக்கி, தெரிந்த அளவால் கடைசியில் வகுக்க வேண்டும்.

மீன் கணக்கில் செய்து பாருங்க. 20 × 7½ = 150. 150 ÷ 3 = 50 ரிங்கிட். முடிந்தது. முதலில் வகுத்து 6.67 என்று முழுமையாக்கின பிள்ளைக்கு 50.025 வரும். வழி சரி, விடை தப்பு! ஆகவே மாணவர்களே, வகுத்தல் மீதியில்லாமல் முடிந்தால் ஒன்றின் விலையை முதலில் காணுங்கள். முடியாவிட்டால் 20/3 என்று பின்னமாகவே வைத்துக்கொண்டு பெருக்கலை முதலில் செய்யுங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் கிலோவா ரிங்கிட்டா என்று எழுதிவிடுங்கள். 3ஐ 20ஆல் வகுக்கும் தவறு பாதிக்கு மேல் அதிலேயே பிடிபட்டுவிடும்.

இனி தோட்டத்துக் கணக்கு. தோட்டத்தில் நம் தாத்தா பாட்டிகளுக்கு முக்கியமாக இருந்தது ஒரு நாளைக்கு எவ்வளவு என்பது. 1920களின் இறுதியில் கூட்டு மலாய் மாநிலங்களின் பல பகுதிகளில் இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தத்தில் 1930இல் அது 40, 32 என்று குறைக்கப்பட்டது. கெடா அந்தக் கூட்டமைப்புக்கு வெளியே இருந்த மாநிலம். ஆனாலும் ரப்பர் விலை விழுந்தபோது இங்கேயும் கூலி விழுந்தது.

விகிதத்தைப் பாருங்கள். 40/50 என்பது 4/5. 32/40 என்பதும் 4/5. கூலி குறைந்தது, விகிதம் அசையவில்லை. ஆண் 4 நாளில் வாங்கும் கூலிக்குப் பெண் 5 நாள் பிரட்டுக்குப் போக வேண்டும். இன்னொன்றும் கேளுங்கள். வெட்டுக்கு முன்னால் ஓர் ஆண் 5 நாளில் பெற்ற 250 காசைச் சம்பாதிக்க, வெட்டுக்குப் பின் ஒரு பெண் எத்தனை நாள் உழைக்க வேண்டும்? 250 ÷ 32 = 7 13/16 நாள். இந்த 13/16க்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: முக்காலே வீசம். "முக்காலே மூணு வீசம்" என்று வீட்டில் பாட்டி சொன்னால் அது 15/16, ஏறக்குறைய முழுசு.

கடைத்தெருவிலும் இந்தப் பதினாறு இருந்தது. ஒரு காத்திக்கு 16 தாஹில், 100 காத்தி ஒரு பிக்குல். ஒரு காத்தி 1⅓ பவுண்டு, கிராமில் ஏறக்குறைய 600. 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு நாடு படிப்படியாகக் கிலோவுக்கு மாறியது. காத்தி 3 வெள்ளிக்கு விற்ற கோழி, கிலோ என்ன விலை விற்க வேண்டும்? 1000/600 = 5/3. ஆகவே 5 வெள்ளி. விலைப்பலகையில் 3 போய் 5 வந்ததும் விலை ஏறிவிட்டது என்று நினைப்பது இயல்பு, ஆனால் ஏறவில்லை. அதே பலகையில் 5.50 என்று எழுதியிருந்தால் ஏறித்தான் இருக்கிறது, பத்தில் ஒரு பங்கு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் கையில் இருந்து கிலோவுக்கு 50 காசு போயிருக்கும். காத்தி இன்னும் சில சந்தைகளில் பேச்சில் இருக்கிறது, அதனால் பிள்ளைகளை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லலாம்.

அடுத்த வகுப்புக்கு ஒரு கணக்கு. ஆனைமங்கலத்தில் வேலிக்கு 92 கலம் என்று வைத்துக்கொண்டால், 3 மா நிலம் உள்ளவர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும்? பெருக்கலை முதலில் செய்யுங்கள்: 92 × 3 ÷ 20 = 13.8 கலம். அந்த 0.8 கலத்தைக் குறுணியாகவும் நாழியாகவும் மாற்றச் சொல்லுங்கள். 13 கலம் 9 குறுணி, மேலே 5 நாழிக்குச் சற்றுக் குறைவு என்று வந்தால் சரி.