கிரகணமும் கணிதமும்

மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் தேர்த்திருவிழா மாசி மகத்தை ஒட்டி நிகழ்வது. அந்நாளை அறிதற்கு அடியவர் வானை நோக்குவதில்லை, பஞ்சாங்கத்தையே நோக்குவர். ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் கதியை எண்ணால் அளந்தோர் வகுத்த நூலன்றோ அது? சமய நம்பிக்கையும் விஞ்ஞானமும் இயல்பாகவே பகையென்பார் இந்நூலின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நன்று.

கி. பி. 499இல் ஆரியபட்டர், புவியின் நிழலே சந்திரனை மறைக்கின்றதென எழுதினார். 628இல் பிரமகுப்தர், இராகுவை விலக்கியமைக்காக அவரைக் கடிந்தார். ஆயினும் தாம் கிரகணங் கணித்தபோது அந்நிழலின் அளவையே கொண்டார். நா ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் நின்றன போலும்!

பிற்காலத் தமிழ்க் கணிதரின் திறமைக்குச் சான்று புதுச்சேரியிற் கிடைத்தது. ஜான் வாரன் என்பார் ஆண்டுக் கண்ட பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், ஏடும் எழுத்தாணியும் இன்றி, தரையிற் சோழிகளை வைத்து, மனனஞ் செய்த வாக்கியங்களின் துணைகொண்டு 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரம் ஏறத்தாழ நான்கு நிமிடமே பிழைத்தது; முடிவு நேரமோ ஐம்பது நிமிடத்துக்கு மேற் பிழைத்தது.

நான்காண்டு கழித்து, கடலுக்கு இப்பால் யாழ்ப்பாணத்தில் இத்தகைய பிழையே பெரும் வழக்காயிற்று. 1829 மார்ச்சு மாதச் சந்திர கிரகணத்தைக் குறித்து அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் கூறியதை, வட்டுக்கோட்டைச் செமினறியின் அதிபர் தானியேல் பூவர் மறுத்தார். தொடக்க நேரத்தில் இருவர்க்கும் கால் மணி வேறுபாடு. பலருங் காணப் பூவரின் கணக்கே பலித்தது. மிசனரிமார் அதனைச் சைவத்தின் தோல்வியெனக் கொண்டாடினர்.

அக்கொண்டாட்டம் பொருந்துமா? இருவரும் அளந்தது ஒரே நிழலை. இராகுவை நம்பியதாற் கணக்குப் பிழைத்ததன்று. முன்னோர் வாக்கியங்களைக் கண்ணாற் கண்ட வானத்தோடு ஒப்பிட்டு அவ்வப்போது திருத்தாமையாற் பிழைத்தது என்பதே எம் கருத்து. முன்னோர் மொழியைத் தொடலாகாது என்னும் பத்தியே அத்திருத்தத்தைத் தடுத்தது. அவ்வாக்கியங்களை அழியாமல் இத்துணைக் காலம் காத்ததும் அப்பத்தியே என்பதை மறத்தலாகாது.

வானோடு ஒத்த கணிதத்தைத் திருக்கணிதம் என்பர். ஈழத்தில் வாக்கியமும் திருக்கணிதமும் ஆகிய இருவகைப் பஞ்சாங்கங்களும் இன்றும் வழக்கிலுள. சிலவேளை இரண்டும் விழாநாளில் வேறுபடுகின்றன. அப்போது எதனைக் கொள்வதென்பதை அந்தந்தக் கோயிலாரே முடிவு செய்கின்றனர்.