இலிசாரோவ் வளையச் சட்டம்

இலிசாரோவ் வளையச் சட்டம் என்பது முறிந்த எலும்பை உடலுக்கு வெளியிலிருந்து பிடித்து நிறுத்தவும், கோணலாகச் சேர்ந்துவிட்ட எலும்பை நேராக்கவும், குறைந்துபோன கால் நீளத்தை மீட்கவும் பயன்படும் எலும்பியல் கருவி. உலோக வளையங்கள், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் மரையிட்ட தண்டுகள், எலும்பின் ஊடாகச் செல்லும் மெல்லிய கம்பிகள் ஆகியவை இதன் உறுப்புகள். மேற்குச் சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய மருத்துவர் கவ்ரீல் இலிசாரோவ் 1950களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். அறுவை முடிந்து நோயாளி கட்டிலுக்குத் திரும்பிய பிறகும், நட்டுகளைத் திருகி எலும்பின் நிலையை நாள்தோறும் சிறிது சிறிதாக மாற்றலாம் என்பது இதன் சிறப்பு. மிக எளிய பொருள்களால் ஆன இந்தக் கருவி சோவியத்து நாட்டிற்குள் பரவலாக அறியப்பட ஏறக்குறைய 20 ஆண்டுகளும், மேற்கு ஐரோப்பாவை அடைய 30 ஆண்டுகளும் ஆயின.

முன்னோடிகள்

உடைந்த எலும்பைத் தோலுக்கு வெளியே இருந்து பிடிக்கும் எண்ணம் இலிசாரோவுக்கு ஒரு நூற்றாண்டு முந்தையது. பாரிசில் மல்கேன் என்ற அறுவை மருத்துவர் 1840களில் கூர்முனைகளையும் உலோகக் கொக்கிகளையும் கொண்டு எலும்புத் துண்டுகளை நிலைநிறுத்த முயன்றார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் டென்வரில் பார்க்கில், 1902இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் லாம்போட் ஆகியோர், எலும்பில் திருகுகளைப் பதித்து அவற்றின் வெளிமுனைகளை ஒரு சட்டத்தில் பூட்டினர். 1938இல் ஜெனீவாவின் ராவுல் ஹாஃப்மன், திருகுகளைப் பதித்த பின்னும் எலும்பைத் திருப்பி நேர்செய்ய இடம் தரும் மூட்டு ஒன்றைத் தம் சட்டத்தில் சேர்த்தார்.

காலை நீளமாக்கும் முயற்சியும் புதிதல்ல. இத்தாலியின் பொலோன்யாவில் கோடிவில்லா 1905இலேயே எலும்பை வெட்டி, இழுத்து, மாவுக்கட்டுப் போட்டு நீளம் கூட்டியதைப் பற்றி எழுதினார். ஆனால் அக்காலத்தில் இழுப்பது என்றால் ஒரே மூச்சில் வலுவாக இழுப்பது. நரம்பும் இரத்தக்குழாயும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. வலியும் சிக்கல்களும் மிகுந்ததால் பலர் இத்துறையையே தவிர்த்தனர்.

இதே காலத்தில் வேறொரு வழியும் திறந்தது. ஜெர்மனியின் கீல் நகரில் கூன்ட்ஷர் 1939இல் தொடை எலும்பின் நடுக்குழலுக்குள் நீண்ட உலோக ஆணி ஒன்றைச் செலுத்தி முறிவை நிலைநிறுத்தினார். பின்னர் உலகெங்கும் வழக்கமான சிகிச்சையாக மாறியது இந்த முறைதான். அன்றைய நிலையில் அதற்கு இரண்டு எல்லைகள் இருந்தன. ஆணி உள்ளே போன பிறகு எலும்பின் நிலையை மாற்ற முடியாது. எலும்பில் சீழ் பிடித்திருந்தால் அதற்குள் உலோகத்தை வைக்க மருத்துவர்கள் அஞ்சினர். போரில் கால் சிதைந்து ஊர் திரும்பியவர்களில் பலர் இந்த இரண்டாம் வகையினர்.

டோல்கோவ்காவும் குர்கானும்

கவ்ரீல் அப்ராமொவிச் இலிசாரோவ் 1921இல் போலந்தின் பியாவோவியேஜாவில் பிறந்தார். வறுமையில் வாழ்ந்த அவரது யூதக் குடும்பம், தந்தையின் ஊரான குசாருக்குக் குடிபெயர்ந்தது. அது அசர்பைஜானின் வடக்கு எல்லையில் உள்ள ஊர். இலிசாரோவ் தாமதமாகவே பள்ளியில் சேர்ந்தார். கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது போர் மூண்டது. கல்லூரி கசகஸ்தானுக்கு இடம்பெயர, அங்கேயே 1944இல் பட்டம் பெற்றார். உடனே குர்கான் பகுதியின் டோல்கோவ்கா என்னும் சிற்றூருக்குப் பணிக்கு அனுப்பப்பட்டார்.

எலும்பியலில் அவருக்குத் தனிப் பயிற்சி இல்லை. கிராம மருத்துவர் என்ற முறையில் மகப்பேறு முதல் குடல் அறுவை வரை எல்லாம் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் அவர் முன் திரும்பத் திரும்ப வந்து நின்றவர்கள் சேராத எலும்புடன் ஊன்றுகோல் பிடித்து நடந்த முன்னாள் படைவீரர்கள். மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்தும் சேராத கால், சேர்ந்தும் வளைந்துபோன கால், சீழ் வடியும் கால் என வகை வகையாகப் பார்த்தார். கடைசி வழியாகக் காலை வெட்டி நீக்குவதே இருந்தது. மாவுக்கட்டு தோலைத்தான் பிடிக்கிறது, எலும்பைப் பிடிப்பதில்லை என்ற எண்ணம் அவருக்கு அங்கே வலுப்பட்டது. 1950இல் குர்கான் மண்டல மருத்துவமனைக்கு மாறிய பின், அடுத்த சில ஆண்டுகளில் சட்டத்தின் முதல் வடிவத்தைச் செய்து, கண்டுபிடிப்புக்கான அரசுச் சான்றிதழும் பெற்றார்.

இந்தத் தோற்றத்தைச் சுற்றிப் பல கதைகள் உண்டு. குதிரையின் கழுத்தில் பூட்டும் வளைமரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு வளையம் தோன்றியது என்பது ஒன்று. விளக்குமாற்றுக் கம்பை உடைத்து அதில் கருவியைச் சோதித்தார் என்பது மற்றொன்று. சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கம்பிகளை எலும்புக்குப் பயன்படுத்தினார் என்றும் சொல்வர். இவற்றுள் எது எந்த அளவுக்கு உண்மையாக இருந்தாலும், கருவியின் இயக்கத்தை விளக்கச் சைக்கிள் சக்கரத்தைவிட நல்ல உவமை கிடைக்காது.

கம்பியும் நட்டும்

சக்கரத்தின் ஆரக்கம்பியைத் தனியே எடுத்தால் இரு விரலால் வளைத்துவிடலாம். அதையே விளிம்பில் பூட்டி முறுக்கேற்றினால் ஒரு மனிதரின் எடையைத் தாங்குகிறது. இலிசாரோவ் சட்டத்திலும் அதுவே நடக்கிறது. 1.5 அல்லது 1.8 மி.மீ. தடிப்புள்ள கம்பிகள் தோல், தசை, எலும்பு ஆகியவற்றை ஊடுருவி மறுபக்கம் வெளிவருகின்றன. ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு கம்பிகளாவது ஒன்றையொன்று குறுக்காக வெட்டுமாறு அமைகின்றன. பின்னர் அவை இழுத்து விறைப்பாக்கப்பட்டு வளையத்தில் பூட்டப்படுகின்றன. முறிவுக்கு மேலே பொதுவாக இரண்டு வளையங்கள், கீழே இரண்டு. இடையே மரையிட்ட தண்டுகள்.

இந்த அமைப்பு எலும்பைப் பக்கவாட்டில் அசையவிடாது. ஆனால் நோயாளி காலை ஊன்றும்போது மேலும் கீழுமாக மிக நுண்ணிய அசைவுக்கு இடம் தரும். அந்த அசைவு எலும்பு கூடுவதற்கு நன்மையே செய்கிறது. ஆகவே நோயாளி படுத்துக்கிடக்க வேண்டியதில்லை. சட்டத்தோடு எழுந்து நடக்கலாம், நடக்கவும் வேண்டும். அசையாமல் வைத்தால்தான் எலும்பு கூடும் என்று நம்பிய தலைமுறைக்கு இது ஏற்கக் கடினமான கருத்தாக இருந்தது.

கோணலை நேராக்குவதும் இதே தண்டுகளின் வேலை. வளைவின் ஒரு பக்கத்தில் உள்ள தண்டின் நீளத்தை மட்டும் நட்டைத் திருகிக் கூட்டினால், இரு வளையங்களுக்கு இடையே உள்ள கோணம் மெல்லத் திறக்கிறது. கீலும் தகடும் சேர்த்தால் முறுக்கிக்கொண்ட எலும்பையும் திருப்பலாம். இதை நாள்தோறும் செய்ய அறுவை அரங்கு தேவையில்லை. ஒரு ஸ்பேனர் போதும். பல இடங்களில் அந்த ஸ்பேனர் நோயாளியின் கையிலோ வீட்டாரின் கையிலோ கொடுக்கப்படுகிறது.

இடைவெளியில் முளைத்த எலும்பு

சேராத முறிவுகளில், தொடக்கத்தில் இலிசாரோவ் எலும்பு முனைகளை ஒன்றோடொன்று நெருக்கி அழுத்தவே சட்டத்தைப் பயன்படுத்தினார். ஒரு நோயாளி நட்டுகளைத் தவறான திசையில் திருகிவிட, முனைகள் நெருங்குவதற்குப் பதில் விலகின என்றும், அந்த இடைவெளியில் புதிய எலும்பு தோன்றியிருப்பது எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரிந்தது என்றும் சொல்லப்படுகிறது. கேட்கச் சுவையான செய்தி. ஆயினும் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் விலங்குகளில் நடந்த பொறுமையான ஆய்வுகளே கண்டுபிடிப்பின் பெரும்பகுதி.

நாய்களின் காலெலும்பை வெட்டி, நாளொன்றுக்கு 0.5, 1, 2 மி.மீ. என வெவ்வேறு வேகங்களில் விலக்கிப் பார்த்தனர். 0.5 மி.மீ. வேகத்தில் எலும்பு முன்கூட்டியே இறுகி நீட்சியைத் தடுத்தது. 2 மி.மீ. வேகத்தில் புதிய எலும்பு பின்தங்கியது. 1 மி.மீ. பொருத்தமாக இருந்தது. அதே 1 மி.மீ.யை ஒரே திருகலில் கொடுப்பதைவிட நான்காகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. தானியங்கிப் பொறியால் 60 சிறு படிகளாகக் கொடுத்தபோது விளைவு இன்னும் மேம்பட்டது. எலும்பு மட்டுமின்றித் தசை, நரம்பு, இரத்தக்குழாய், தோல் ஆகியவையும் மெதுவான, இடைவிடாத இழுவிசைக்கு ஏற்ப வளர்கின்றன என்பது அவர் வந்தடைந்த முடிவு. கோடிவில்லாவின் காலத்தில் குறையாக இருந்தது கருவி மட்டுமல்ல, இந்த வேகக் கணக்கும்தான்.

நடைமுறையில் எலும்பை வெட்டிய பின் 5 முதல் 7 நாள் வரை காத்திருந்து, பிறகு 6 மணிக்கு ஒருமுறை 0.25 மி.மீ. வீதம் விலக்குவது வழக்கமாயிற்று. எலும்பில் ஒரு பகுதி முற்றிலும் போய்விட்டவர்களுக்கு இதே முறை வேறு வடிவில் உதவுகிறது. நலமாக உள்ள பகுதியிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் பிரித்து, கம்பியால் பிடித்து, நாளுக்கு 1 மி.மீ. வீதம் வெற்றிடத்தின் வழியே நகர்த்துவர். துண்டு நகர நகர அதன் பின்னால் புதிய எலும்பு உருவாகிறது. காலை வெட்டி நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று கைவிடப்பட்டவர்கள் பலர் இதனால் சொந்தக் காலில் நடந்தனர்.

விலையும் பெரிது. 1 செ.மீ. நீட்ட 10 நாள் போதும் என்றாலும், அந்தப் புதிய எலும்பு எடை தாங்கும் அளவுக்கு இறுக ஒரு மாதமும் அதற்கு மேலும் ஆகும். அதுவரை சட்டத்தைக் கழற்ற முடியாது. கம்பி தோலில் நுழையும் ஒவ்வொரு துளையும் தொற்று புகக்கூடிய வாசல். அவற்றைத் தொடர்ந்து தூய்மை செய்ய வேண்டும். அருகிலுள்ள மூட்டுகள் இறுகிவிடாமல் பயிற்சி வேண்டும். இரவில் புரண்டு படுப்பதும் உடை மாற்றுவதும்கூடப் பழக வேண்டிய காரியங்கள் ஆகின்றன.

புருமெலின் கால்

மாஸ்கோவிலிருந்து குர்கான் சுமார் 2,000 கி.மீ. தொலைவு. தலைநகரின் பெரிய நிறுவனங்கள் மாகாண மருத்துவர் ஒருவரின் கருவியை ஐயத்தோடு பார்த்தன. இந்த நிலையை மாற்றியவர் உயரம் தாண்டும் வீரர் வலேரி புருமெல். 1963இல் 2.28 மீ. தாண்டி உலகச் சாதனை படைத்தவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1965இல் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் சென்றபோது நேர்ந்த விபத்தில் அவரது வலது கால் சிதைந்தது. பல அறுவைகளுக்குப் பிறகும் எலும்பு சேரவில்லை. கால் குட்டையாகவும் ஆகிவிட்டது. 1968இல் அவர் குர்கானுக்கு வந்தார். இலிசாரோவ் முறிவைச் சேர்த்தார், நீளத்தையும் மீட்டார். புருமெல் பழைய உயரத்தை எட்டவில்லை. ஆனால் மீண்டும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார்.

ஒரு மண்டல மருத்துவமனையின் புள்ளிவிவரங்கள் செய்ய முடியாததை நாடறிந்த ஒரு கால் செய்தது. 1970இல் இசையமைப்பாளர் சோஸ்தகோவிச்சும் வலுவிழந்த தம் கைக்கு மருத்துவம் நாடிக் குர்கான் வந்தார். அவருக்கு வளையச் சட்டம் தேவைப்படவில்லை. கிடைத்த முன்னேற்றமும் நிலைக்கவில்லை. ஆனால் குர்கான் என்ற பெயர் எவ்வளவு தூரம் சென்றிருந்தது என்பதை அது காட்டுகிறது. 1971இல் இலிசாரோவின் தலைமையில் தனி ஆய்வு நிறுவனம் அமைந்தது. 1978இல் அவருக்கு லெனின் பரிசு வழங்கப்பட்டது.

எல்லைக்கு அப்பால்

மேற்கு ஐரோப்பாவுக்கு இந்த முறையைக் கொண்டு சென்றவரும் ஒரு நோயாளியே. இத்தாலியின் லெக்கோ நகரைச் சேர்ந்த மலையேறி கார்லோ மௌரி, பனிச்சறுக்கு விபத்தில் கால் முறிந்து, ஆண்டுக்கணக்கில் நொண்டி நடந்தவர். தோர் ஹெயர்டாலின் 'ரா' நாணற்படகுப் பயணத்தில் அவருடன் சென்ற சோவியத்து மருத்துவர் யூரி சென்கேவிச், குர்கானைப் பற்றிச் சொன்னார். 1980இல் மௌரி அங்கே சென்று நேரான காலுடன் திரும்பினார். அவரது பழைய எக்ஸ்-கதிர்ப் படங்களை அறிந்திருந்த லெக்கோ மருத்துவர்கள் வியந்து இலிசாரோவை அழைத்தனர். 1981இல் கோமோ ஏரிக்கரையின் பெல்லாஜோவில் நடந்த மாநாட்டில் அவர் உரையாற்றினார். அடுத்த ஆண்டே இம்முறையைப் பயில இத்தாலியில் ஒரு சங்கம் தோன்றியது. 1980களின் பிற்பகுதியில் வட அமெரிக்காவுக்கும் இது பரவியது. இலிசாரோவின் இழுவிசை ஆய்வுகள் ஆங்கில மருத்துவ இதழில் விரிவாக வெளிவந்தது 1989இல்தான். அவர் 1992இல் குர்கானில் காலமானார்.

பின்வந்த கருவிகள்

இலிசாரோவ் சட்டத்தில் ஒரே நேரத்தில் வளைவு, முறுக்கு, நீளம் மூன்றையும் சரிசெய்ய வேண்டுமானால், இடையிடையே கீல்களைக் கழற்றி மாற்றிப் பூட்ட வேண்டும். 1990களில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் சார்லஸ் டெய்லர் இதற்கு ஒரு மாற்று கண்டார். இரு வளையங்களுக்கு இடையே நேர்த்தண்டுகளுக்குப் பதிலாகச் சாய்வாக ஆறு தண்டுகள் அமைந்தன. டயர்களைச் சோதிக்கவும், விமானிகளுக்குப் பயிற்சி தரும் பொறிகளை அசைக்கவும் பொறியாளர்கள் முன்பே பயன்படுத்திய அமைப்பு இது. எந்தத் தண்டை எந்த நாளில் எவ்வளவு திருக வேண்டும் என்பதைக் கணினி கணக்கிடுகிறது. நோயாளி அச்சிட்ட அட்டவணையைப் பார்த்துத் திருகிக்கொள்கிறார்.

வளையமே இல்லாமல், எலும்புக்குள் வைத்த ஆணியே நீளும் வகையும் வந்தது. இலிசாரோவ் படித்த அதே சிம்ஃபெரோபோலில் 1980களில் பிளிஸ்குனோவ் அத்தகைய ஆணி ஒன்றை அறிமுகப்படுத்தினார். பின்னர் மின்மோட்டாரால் நீளும் ஆணி ஜெர்மனியிலும், தொடைமேல் வைக்கும் வெளிக் காந்தத்தால் நீளும் ஆணி அமெரிக்காவிலும் உருவாயின. தோலில் துளைகள் இல்லாததால் இவை நோயாளிக்கு மிகுந்த ஆறுதல். நாளுக்கு 1 மி.மீ. என்ற அளவையே இவையும் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. ஆனால் இவற்றின் விலை அதிகம். எலும்பின் நடுக்குழல் போதிய அகலம் இல்லாத சிறுவர்களுக்கும், எலும்பில் சீழ் பிடித்தவர்களுக்கும் இவை பொதுவாகப் பொருந்துவதில்லை. அத்தகைய கால்களுக்கு இந்தியா உட்படப் பல நாடுகளில் இன்றும் கம்பியும் வளையமும் பூட்டப்படுகின்றன.