காயலான் கடை கம்ப்யூட்டர்

சென்னைத் துறைமுகத்தை ஒட்டி ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே ஒரு நடை போய்ப் பாருங்கள். கப்பலில் வந்து இறங்கும் எந்தச் சாமானும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புதுசு இல்லை. ஓடாத மோட்டாரோ உடைந்த ஃபேனோ, காயலான் கடைக்குப் போனால் அதற்கும் ஒரு விலை உண்டு. (காயல்பட்டினத்துக்காரர்கள் ஆரம்பித்த கடை, அதனால் அந்தப் பெயர் என்பார்கள்.) 2000ஐ ஒட்டி நம் நாட்டுக் குவியலில் புதிய சரக்கு ஒன்று சேர்ந்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்!

அதை எடுத்து ஏழைப் பள்ளிக்கூடத்தில் வைத்தால் என்ன?

நல்ல யோசனைதான். ஆனால் ஓசியில் வந்த பெட்டிக்கு விண்டோஸ் ஓசியில் வராது. காசு கொடுத்து வாங்கினாலும் புது விண்டோஸின் கனத்தைப் பழைய பெட்டி தாங்காது. இங்கேதான் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த க்னூவும், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுத ஆரம்பித்த லினக்ஸும் கை கொடுத்தன. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம்.

1999இல் ஜிம் மெக்குவிலன் என்ற அமெரிக்கர் இன்னொரு வழி சொன்னார். கல்யாண வீட்டில் சமையல் ஒரு இடத்தில், பந்தி இன்னொரு இடத்தில் இல்லையா? அதே மாதிரி, வகுப்பில் ஒரே ஒரு நல்ல கம்ப்யூட்டர் எல்லா வேலையையும் சமைக்கும். மற்ற கிழட்டுப் பெட்டிகள் ஒயர் வழியாக வாங்கித் திரையில் பரிமாறும். அவற்றுக்கு ஹார்ட் டிஸ்க்கூட வேண்டாம். கோவாவில் இதைச் செய்தே காட்டினார்கள். அமெரிக்காவில் இருந்த கோவாக்காரர்கள் பழைய பென்டியம்களைச் சேகரித்துக் கப்பலேற்ற, ஊர்ப் பள்ளிகளில் அவை லினக்ஸில் ஓடின.

சரி, கன்டெய்னரில் வந்ததெல்லாம் இப்படி உயிர் பெற்றதா? இல்லை. பணக்கார நாடுகள் தங்கள் மின்னணுக் குப்பையை இந்தியா, சீனா, பாகிஸ்தான் தலையில் கொட்டுவதை 2002இல் பாசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் அறிக்கை போட்டு உடைத்தது. பழைய டப்பா மானிட்டரின் கண்ணாடியில் கிலோ கணக்கில் ஈயம். செம்புக்காக ஒயரை எரித்தால் கிளம்பும் புகை, எரிப்பவர் நெஞ்சுக்குள்தான் போகும். நன்கொடைக்கும் குப்பைக்கும் நடுவே இருந்தது ஒரு லேபிள்தான்! மின்னணுக் கழிவுக்கென்று நம் நாட்டில் தனி விதிகள் அமலுக்கு வந்தது 2012 மே மாதம்.

கேரளாவின் கதை வேறு. 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியபோது பாடப் புத்தகமே விண்டோஸைச் சுற்றித்தான். ஆசிரியர் சங்கமே சண்டைக்குக் கிளம்பியது. படிப்படியாக மாறி, 2008 வாக்கில் பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வே லினக்ஸில் நடந்தது. இதில் எனக்குப் பிடித்தது சாஃப்ட்வேர்கூட இல்லை. 'ஹார்ட்வேர் கிளினிக்' நடத்தி, படுத்துவிட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களை அவர்களே திறந்து சரி செய்தார்கள் பாருங்கள், அதுதான். ஒரு பெட்டி கெட்டால் பீரோவில் வைத்துப் பூட்டும் பழக்கத்தை நாமெல்லாம் பார்த்தவர்கள்தானே?

தமிழ்நாடு? 2006இல் எல்காட் நிறுவனத்துக்கு வந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., முதலில் தன் அலுவலகத்தையே சூசி லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கு வாங்கிய புதுக் கம்ப்யூட்டர்களிலும் அதுவே. பிறகு அவர் மாற்றப்பட்டார்; வேகம் குறைந்தது.

2011 செப்டம்பர் 15 அன்று இலவச லேப்டாப் திட்டம் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கியது. திருவொற்றியூரும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அடுத்த மாதம்தான் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. அந்த லேப்டாப்பைத் திறந்தால் இரண்டு வாசல்கள். ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். சென்னை சி-டாக்கில் உருவாகி 2007இல் வெளிவந்தது, மெனுவைத் தமிழிலேயே படிக்கலாம். பையனோ பெண்ணோ பட்டனை அழுத்தியதும் திரை கேட்கும், எதில் போகிறாய் என்று. பக்கத்தில் நின்ற ஆசிரியருக்கு, அந்த இரண்டாவது வாசலுக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தார்களா?