சட்டம் ஒன்று, பார்வை இரண்டு



டெக்சாஸில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், இங்கே கடையில் ஒருவர் இடுப்பில் துப்பாக்கி தெரிய நின்று பால் வாங்குகிறார். வாசலில் நின்ற போலீஸ்காரர் அவரிடம் சிரித்துப் பேசுகிறார். நான் அப்படிப் போய் நின்றால் எனக்கும் அதே சிரிப்பு கிடைக்குமா?" என்று கேட்டிருந்தார். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை. அதனால் வரலாற்றுப் பாடமாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் ஊர்ப் பழக்கத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். இங்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. தேர்தல் வந்தால் உரிமம் உள்ளவர்களே கூடக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருகிறார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில், எல்லோர் கண்ணிலும் படும்படி துப்பாக்கியை எடுத்துச் செல்வது நெடுங்காலமாகவே குற்றமில்லை. மறைத்து எடுத்துச் செல்வதற்குத்தான் கட்டுப்பாடு அதிகமாக இருந்தது. ஒளித்து வைப்பவன்தான் கெட்ட எண்ணம் உள்ளவன், வெளியே தெரிய வைத்திருப்பவன் நேர்மையானவன் என்பது அந்தக் காலத்து நினைப்பு.

சட்டம் அனுமதித்துவிட்டது, சரி. தெருவில் எதிரே வரும் காவலரும் அதை ஏற்றுக்கொள்கிறாரா? இதற்கு விடை தேட 1966ஆம் ஆண்டின் ஓக்லாந்து நகரத்துக்குப் போகவேண்டும். கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் துறைமுக நகரம் அது. கறுப்பின மக்கள் நிறைய வாழ்ந்த ஊர். காவல்துறையிலோ மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். வண்டியை நிறுத்துவது, சோதிப்பது, அடிப்பது என்று காவலர்மேல் அந்த மக்களுக்கு நீண்ட நாள் மனக்குறை.

அந்த ஆண்டு அக்டோபரில் ஹியூ நியூட்டன், பாபி சீல் என்ற இரண்டு இளைஞர்கள் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். நியூட்டன் சட்டப் புத்தகங்களை வரி வரியாகப் படித்தவர். கலிபோர்னியாவில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் வெளிப்படையாக வைத்திருக்கலாம் என்று அவர் கண்டுகொண்டார். ஆனால் யாரையும் குறிவைக்கக் கூடாது. காருக்குள் இருக்கும் நீளத் துப்பாக்கியில் தோட்டா குழலுக்குள் ஏறியிருக்கவும் கூடாது. இந்த எல்லைகளை அவரும் தோழர்களும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

பிறகு காவலர்களின் ரோந்து வண்டியைப் பின்தொடர ஆரம்பித்தார்கள். போலீஸ் ஒரு கறுப்பினத்தவரின் வண்டியை நிறுத்தினால் இவர்களும் இறங்குவார்கள். தள்ளி நின்று, கையில் துப்பாக்கியோடு, நடப்பதைப் பார்ப்பார்கள். பிடிபட்டவருக்குச் சட்டப்படி என்ன உரிமை இருக்கிறது என்று உரக்கப் படித்துக் காட்டுவார்கள். காவலர் "துப்பாக்கியைக் கொடு" என்றால், "எந்தச் சட்டப் பிரிவின்படி?" என்று நியூட்டன் திருப்பிக் கேட்பார். காவலரிடம் பதில் இருக்காது. ஏனென்றால் அப்படி ஒரு பிரிவே இல்லை.

பிள்ளைகளே, இங்கே கவனியுங்கள். சட்டம் கைகொடுக்கவில்லை என்றதும் காவல்துறை சட்டத்தையே மாற்றப் பார்த்தது. ஓக்லாந்து பகுதியின் சட்டமன்ற உறுப்பினர் டான் மல்ஃபோர்ட், குடியரசுக் கட்சிக்காரர். தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதைத் தடுக்கும் மசோதாவை அவர் 1967 ஏப்ரல் மாதம் கொண்டுவந்தார். அதன் பின்னால் ஓக்லாந்து காவல்துறையின் வேண்டுகோள் இருந்தது.

இதை எதிர்த்து மே 2ஆம் தேதி பாபி சீல் தலைமையில் சுமார் முப்பது பேர் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்குப் போனார்கள். ஆண்களும் பெண்களும் இருந்தார்கள், பெரும்பாலோர் கையில் துப்பாக்கி. அன்று ஆளுநர் ரொனால்ட் ரீகன் சட்டமன்றப் புல்வெளியில் பள்ளிப் பிள்ளைகளோடு இருந்தார். வந்தவர்கள் பத்திரிகையாளர் கூட்டத்தோடு கட்டடத்துக்குள் நுழைந்து, சபை நடக்கும் மண்டபம் வரை போய்விட்டார்கள். காவலர்கள் துப்பாக்கிகளை வாங்கிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. துப்பாக்கி வைத்திருந்தது குற்றமில்லையே! திரும்பிப் போகும் வழியில்தான் பெட்ரோல் பங்க்கில் வைத்துக் கைது செய்தார்கள். சபை நடவடிக்கையைக் குலைத்தார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. பாபி சீல் சிறைக்குப் போனார்.

ஜூலை 28ஆம் தேதி ரீகன் மசோதாவில் கையெழுத்திட்டார். மசோதா வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. உடனே நடைமுறைக்கு வரும்படியான அவசரச் சட்டமாகவே அதை நிறைவேற்றினார்கள். துப்பாக்கி உரிமைக்காகக் கொடி பிடிக்கும் தேசிய ரைஃபிள் சங்கமும் அன்று இந்தத் தடையை ஆதரித்தது. பின்னாளில் துப்பாக்கிக்காரர்களின் நண்பராகக் கொண்டாடப்பட்ட ரீகன், தெருவில் ஒரு குடிமகன் தோட்டா நிரப்பிய ஆயுதத்தோடு நடக்க இன்று எந்தக் காரணமும் இல்லை என்ற பொருளில் அப்போது பேசியிருக்கிறார்.

இது ஓக்லாந்தில் தொடங்கிய கதையும் இல்லை. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் குடிமக்கள் ஆக முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால் போகும் இடமெல்லாம் ஆயுதம் எடுத்துச் செல்லும் உரிமையும் அவர்களுக்கு வந்துவிடுமே என்பது தலைமை நீதிபதி டானி சொன்ன காரணங்களில் ஒன்று. அடிமை முறை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்றவர்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 1956இல் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அதன்பின் அவர் மறைத்து வைத்திருக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். உள்ளூர் அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமம் கட்டாயம் என்றது, ஐரோப்பியருக்கு விலக்கு கொடுத்தது. தங்களுக்கு விசுவாசமானவர்கள் என்று கருதிய குடகு மக்களுக்கும் வெள்ளைக்காரர்கள் விலக்கு அளித்திருந்தார்கள். கையில் இருப்பது என்ன என்பதைவிட, கை யாருடையது என்பதைத்தான் ஆட்சி முதலில் பார்த்தது.

காவலர் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது பாடம் ஆகாது. துப்பாக்கியோடு நிற்பவரைப் பார்த்ததும், அவர் நல்லவரா கெட்டவரா என்று காவலர் ஒரு நொடியில் முடிவு செய்தாகவேண்டும். அந்த அச்சம் பொய்யில்லை. 1967 அக்டோபர் 28ஆம் தேதி ஓக்லாந்தில் நியூட்டன் வந்த காரை, அது கட்சிக்காரர்களின் வண்டி என்று தெரிந்தே நிறுத்தினார்கள். நடந்த துப்பாக்கிச் சூட்டில் காவலர் ஜான் ஃபிரே இறந்தார், இன்னொரு காவலரும் நியூட்டனும் காயமடைந்தார்கள். நியூட்டனுக்குக் கிடைத்த தண்டனையை 1970இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. 2016 ஜூலையில் டல்லாஸ் நகரில் ஊர்வலத்தின்போது ஒருவன் சுட்டதில் ஐந்து காவலர்கள் இறந்தார்கள். அந்த ஊர்வலத்தில் சட்டப்படி ரைஃபிள் மாட்டிக்கொண்டு வந்தவர்கள் பலர். ஒரு பாவமும் அறியாத கறுப்பினத்தவர் ஒருவரின் படத்தைச் சந்தேக நபர் என்று காவல்துறையே ஊரெங்கும் பரப்பிவிட்டது. யார் நல்லவர் என்று பிரித்தறிவது கடினமாகிவிட்டது என்று நகரக் காவல்துறைத் தலைவர் பின்னர் சொன்னார்.

அச்சம் இருப்பது வேறு, அச்சத்தையே சட்டமாக்கிக்கொள்வது வேறு. 2010இல் ஒஹாயோவின் டொலிடோ நகரில் ஒருவர் இடுப்பில் துப்பாக்கியோடு குடும்பத்துடன் நடந்துபோனார், கூடவே நாயும் போனது. யாரோ தொலைபேசியில் புகார் செய்ய, காவலர் வந்து அவருக்கு விலங்கு மாட்டினார். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டம் அனுமதித்த ஒன்றைச் செய்கிறார் என்பதை மட்டும் வைத்து ஒருவரைப் பிடித்து வைக்க முடியாது, வேறு சந்தேகக் காரணமும் வேண்டும் என்பது தீர்ப்பு.

இனி 1967ஐயும் 2020ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொரோனா கட்டுப்பாடுகளை எதிர்த்து ஏப்ரல் 30ஆம் தேதி மிச்சிகன் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் ரைஃபிள்களோடு பலர் நுழைந்தார்கள். பெரும்பாலும் வெள்ளையர். மேலவையின் பார்வையாளர் மாடத்தில் அவர்கள் ஆயுதத்தோடு நின்றார்கள். அங்கே அது சட்டப்படி குற்றமில்லை, ஆகவே காவலர்கள் அனுமதித்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் வெளிப்படையாகத் துப்பாக்கி கொண்டுவரத் தடை வந்தது 2021 ஜனவரியில்தான். கலிபோர்னியாவில் நான்கு மாதத்துக்குள் மாநிலம் முழுவதற்கும் தடை, மிச்சிகனில் எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரே ஒரு கட்டடத்துக்குத் தடை. காலம் வேறு, மாநிலம் வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த வேகத்தின் வித்தியாசத்தை வரலாற்று மாணவர் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், தெருவில் துப்பாக்கி குறைவது நல்லது என்பவன் நான். மல்ஃபோர்ட் சட்டம் சொன்ன விதியில் எனக்குக் குறை இல்லை. கறுப்பினத்தவர் அதே துப்பாக்கியைத் தோளில் மாட்டிய பிறகுதான் அது ஆபத்து என்று அரசுக்குத் தெரிந்ததே, அதில்தான் குறை. ஆபத்து என்றால் எல்லார் கையிலும் ஆபத்து, உரிமை என்றால் எல்லாருக்கும் உரிமை.

டெக்சாஸ் தம்பிக்கு என் பதில் இதுதான். அந்தச் சிரிப்பு உனக்குக் கிடைக்குமா என்பதை உன் மாநிலச் சட்டப் புத்தகம் சொல்லாது. உன்னைப் பார்க்கிற அந்த ஒரு காவலரின் ஒரு நொடியில் அது இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்க நீ போகவேண்டாம், அப்பா. அங்கே பள்ளிக்குப் போகும் உன் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றை உட்கார வைத்துச் சொல்லிக் கொடு, அது போதும்.

அமெரிக்காவில் இருக்கும் மற்றவர்கள் உங்கள் ஊர் நிலவரத்தைக் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். நானும் தெரிந்துகொள்கிறேன்.