கைமாறிய குலதனம்: ஜூபிலி வைரமும் டாடா அறக்கட்டளைகளும்

1924இல் ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையை ஒரு வைரம் காப்பாற்றியது என்பது இந்தியத் தொழில் வரலாற்றில் நிலைத்துவிட்ட கதை. கூலி கொடுக்கப் பணமில்லை என்று ஆலையிலிருந்து தந்தி வந்தது. ஆலை நிறுவனத்தின் தலைவர் தோராப்ஜி டாடா தம் சொத்தையும், ஜூபிலி வைரம் உள்ளிட்ட மனைவி மெஹர்பாயின் நகைகளையும் இம்பீரியல் வங்கியில் ஈடுவைத்து ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் கடன் பெற்றார், ஆலை பிழைத்தது. இதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பெருந்தொழிலின் மீட்சியை ஒரு குடும்பத்தின் நகைப்பெட்டிக்குள் அடக்கிச் சொல்லும்போது, அந்த ஆலையைத் தாங்கிய மற்றவர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். டாடா குடும்பத்துக் குலதனத்தின் வரலாற்று முக்கியத்துவம் 1924இல் அது அடகுபோனதில் இல்லை. 1919 முதல் 1930கள் வரையிலான காலத்தில் அதில் எது வீட்டைவிட்டுப் போயிற்று, எது போகாமல் காக்கப்பட்டது என்பதில்தான் இருக்கிறது. இக்கட்டுரையின் வாதம் இதுவே.

முதலில் அந்தக் கல்லைப் பார்ப்போம். 1895இல் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தில் கிடைத்தது. பட்டை தீட்டிய பின் 245.35 காரட், அதாவது ஏறக்குறைய 49 கிராம், நம் கணக்கில் ஆறு பவுனுக்குச் சற்று மேல். இன்றைய கோஹினூரைவிட இரு மடங்குக்கும் அதிக எடை. அடிமுனையின் அகலம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆயினும் கல் அம்முனையிலேயே சாயாமல் நிற்கும் அளவுக்கு அதன் வெட்டு சீரானது. முதலில், அச்சுரங்கம் இருந்த ஆரஞ்சு சுதந்திர நாட்டின் தலைவர் ரைட்ஸின் பெயரைத் தாங்கியிருந்தது. 1897இல் விக்டோரியா அரசியின் வைரவிழாவையொட்டி ஜூபிலி ஆயிற்று. 1900ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட காலத்தையொட்டித் தோராப்ஜி அதை வாங்கினார்.

வைரத்தின் அழகைப் பேசுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. ரைட்ஸ் தலைவராக இருந்த 1891இல்தான், ஆசியர்கள் தம் மண்ணில் வணிகம் செய்யவும் பயிரிடவும் தடைவிதித்து அந்நாடு சட்டம் இயற்றியது. இந்தியர் பிழைக்க வழியில்லாத மண்ணில் விளைந்த கல்லை ஓர் இந்தியர் விலைகொடுத்து வாங்கினார். அடுத்த பத்தாண்டிலேயே அவருடைய தம்பி ரத்தன் டாடா, அண்டைப் பகுதியான டிரான்ஸ்வாலில் காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்துக்கு 1,25,000 ரூபாய் கொடுத்தார். அப்போராட்டத்தில் பெரும் எண்ணிக்கையில் சிறை புகுந்தவர்கள் தமிழர்கள். ஒரே குடும்பத்தின் செல்வம் தென்னாப்பிரிக்காவோடு கொண்ட இந்த இருவேறு உறவுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி 1924. முதல் உலகப் போருக்குப் பின் ஆலையைப் பெரிதாக்கும் வேலையில் செலவு ஏறியது; மலிவான வெளிநாட்டு எஃகு வந்து குவிந்தது; வார்ப்பிரும்பை வாங்கிவந்த ஜப்பான் 1923 நிலநடுக்கத்தால் நொடிந்தது. ஈடுவைத்துப் பெற்ற கடன் அன்றைய கூலியைக் கொடுக்க உதவியது. ஆலையின் எதிர்காலத்துக்கு அது போதாது. அதே ஆண்டு இயற்றப்பட்ட எஃகுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் இறக்குமதி எஃகின் மீது காப்பு வரி விதித்தது. தண்டவாள உற்பத்திக்கு அரசுப் பணத்திலிருந்து உதவித்தொகை தந்தது. அந்த வரியின் சுமை எஃகு வாங்கிய இந்தியர்கள் தலையில் விழுந்தது. அதற்கும் முன்னால், 1907இல் மூன்றே வாரங்களில் ஆலைக்கு முதலீடு தந்த சுமார் 8,000 பங்குதாரர்கள் இருக்கிறார்கள். 1920, 1922, 1928 ஆகிய ஆண்டுகளில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களும் இருக்கிறார்கள். மெஹர்பாயின் கழுத்தணியோடு இவர்களையும் ஆலையைத் தாங்கியவர்களாகக் கொள்ளாத வரலாறு குறைபட்டதே.

குலதனத்தின் உண்மையான வரலாறு இந்த அடகுக்கு வெளியேதான் இருக்கிறது. 1918இல் மறைந்த ரத்தன் டாடாவின் கலைச் சேகரிப்பு, சீனப் பச்சைக்கற்களும் ஐரோப்பிய ஓவியங்களுமாக, பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. பாடலிபுத்திரத்தில் தொல்லியலாளர் ஸ்பூனர் 1913இல் தொடங்கிய அகழாய்வுக்குப் பணம் தந்தவரும் அவரே. மௌரியர் காலத் தூண் மண்டபம் அதனால்தான் வெளிப்பட்டது. 1931இல் மெஹர்பாய் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். மறு ஆண்டு தோராப்ஜி தம் உடைமை அனைத்தையும் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். மனைவி நினைவாக இரத்தப் புற்றுநோய் ஆய்வுக்குத் தனி அறக்கட்டளையும் நிறுவினார். அவ்வாண்டு ஜூனில் அவரும் மறைந்தார். வைரம் 1937இல் கார்ட்டியே நிறுவனத்தின் வழியாக பால்-லூயி வெய்லர் என்ற பிரெஞ்சுத் தொழிலதிபரின் கைக்குப் போயிற்று. தோராப்ஜியின் அறக்கட்டளை அமைத்த டாடா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை 1941இல் பம்பாயில் திறக்கப்பட்டது.

சகோதரர் இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. வாரிசில்லாத சொத்து அறத்துக்குப் போனதில் வியப்பென்ன என்று கேட்கலாம். இந்த விளக்கம் போதாது. இரண்டு மகன்களும் உயிரோடிருக்கும்போதே, 1898இல், தந்தை ஜாம்ஷெட்ஜி 30 லட்சம் ரூபாய் பெறுமானச் சொத்தை ஓர் ஆய்வுப் பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்க முன்வந்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் அதன் விளைவு. பிள்ளையின்மை இவ்வழக்கத்தை முழுமையாக்கியிருக்கலாம், தோற்றுவிக்கவில்லை.

வைரமும் ஓவியங்களும் வீட்டைவிட்டுப் போயின. டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸின் பங்குகள் போகவில்லை. அறக்கட்டளைகளிடமே தங்கிய அவற்றின் அளவு இன்று அந்நிறுவனத்தின் ஏறத்தாழ 66 சதவீதம். ஈவுத்தொகை மருத்துவத்துக்கும் கல்விக்கும் போகிறது. நிறுவனத்தின் கடிவாளம் அறங்காவலர் கையில் இருக்கிறது. இதை வெறும் தியாகம் என்பதும் வெறும் தந்திரம் என்பதும் அவசரத் தீர்ப்புகள். விற்கத்தக்கது, விற்கக்கூடாதது என்று ஒரு குடும்பம் தன் உடைமையைப் பிரித்துப் பார்த்த முறையே ஆய்வுக்குரியது. அப்படி ஆராய்ந்தால், வைரம் அணிந்த மெஹர்பாயைப் போலவே, ரத்தனின் மனைவி நவாஜ்பாயும் முன்னுக்கு வருவார். கணவர் மறைந்தபின் நெடுங்காலம் அவர் பெயரிலான அறக்கட்டளையை நடத்தியவர், டாடா சன்ஸ் இயக்குநராகவும் அமர்ந்தவர் அவர். விற்காத அந்தப் பங்குகளைக் காத்த கை அவருடையது.